தடம் இல்லாத மணல்

ஜனவரி 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேரக் குழந்தைகள் இரண்டும் நலமா? பிரசவமான உன் மகள் எழுந்து நடமாடுகிறாளா? போன வாரம் நீ போன் செய்தபோது நான் "சரி, சரி" என்று சொன்னதில் பாதி, எதுவும் கேட்காமலேயே சொன்னது. வலது காது முழுக்க ஓய்வு பெற்றுவிட்டது. இடது காது விண்ணப்பம் போட்டிருக்கிறது. அதனால் நமக்குக் கடிதம்தான் சரி. இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்போது எழுதுவது என்று கேட்காதே. ஒன்று தூங்கும்போது முதல் பாதி, மற்றது தூங்கும்போது மறு பாதி.

உன் பள்ளி மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியையோடு மல்லுக்கு நின்று அந்தக் கதவை ஊருக்குத் திறந்துவிட வைத்தாயே, அது எவ்வளவு பெரிய காரியம் என்று தினமும் காலையில் பார்க்கிறேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். மிலிட்டரி இருக்கிறாரே, பட்டாளத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர், காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், கையை வீசி நடப்பதால் அந்தப் பெயர். முன்பெல்லாம் பெரிய சாலையோரம் நடப்பார். ஒரு லாரி உரசிக்கொண்டு போன நாளிலிருந்து மொட்டைமாடியிலேயே சுற்றி வந்துகொண்டிருந்தார். "தலைக்கு மேல திம்முதிம்முனு சத்தம். நீங்க எறங்கி வர்றீங்களா, இல்ல நான் கெளம்பட்டுமா?" என்று மனைவி கேட்டிருக்கிறார். இப்போது அவர் மைதானத்தில் நடக்கிறார். வீட்டில் கீழே இருப்பவருக்கும் நிம்மதி.

இவரைப் போல நிறைய பேர். முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர்கள், சர்க்கரைக்காரர்கள், மருமகளிடமிருந்து ஒரு மணி நேரம் தப்பி வருகிறவர்கள். நடைச் சங்கம் என்று பெயர் வைத்து என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். உன் விதிகளை அப்படியே கடைப்பிடிக்கிறோம். காலையில் பள்ளி திறக்கும் முன் ஊருக்கு, பள்ளி விட்ட பின் இருட்டும்வரை பிள்ளைகளுக்கு. மணி அடிப்பதற்கு முன்னால் எல்லாரையும் நானே விரட்டிவிடுகிறேன். வாத்தியார்ப் பழக்கதோஷம், வரிசையாகத்தான் வெளியே விடுகிறேன்.

நீ திரும்பி வரும்போது மைதானத்தில் ஒரு புதுமை காத்திருக்கும். என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். உன் அண்ணி விசாரித்ததாகச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன்

ஜனவரி 24

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தவணையில் படித்தேன். பெரியது அழுதால் சின்னது அழுகிறது. சின்னது அழுதால் நான் அழுகிறேன். பெரியது என்பது பத்து நிமிடம் முன்னால் பிறந்தது. அதற்குள் அதற்கு ஒரு தோரணை, அப்படியே உன்னைப் போல.

மைதானத்தில் ஆட்கள் நடப்பதைப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. புதுமை என்றெல்லாம் பயமுறுத்தாதே. சொட்டுகிற குடிநீர்க் குழாயைச் சரிசெய்திருந்தால் அதுவே எனக்குப் பெரிய புதுமை.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நான் நீண்ட விடுப்பில் வந்த பிறகு என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. மூத்த மாணவி ஒருத்தியிடம் விசிலையும் சாமான் அறைச் சாவியையும் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் அவர்களாகவே பயிற்சி செய்கிறார்கள். நீளம் தாண்டுகிற பெண்கள் ஏழு பேர். அதில் ஒருத்தியை நாங்கள் வெட்டுக்கிளி என்று கூப்பிடுவோம். முழங்கால் மட்டும் தனியாக யாரோ கொடுத்தது போல இருக்கும், அவ்வளவு நீளம். மார்ச்சில் மண்டலப் போட்டி. அவள் நிச்சயம் முதலில் வருவாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. போன வருடம் கடைசி நேரத்தில் பயந்து, தாண்டும் பலகையை மிதிக்காமலேயே ஓடி மணலுக்குள் போய்விட்டாள். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் வயதுப் பிரிவு மாறிவிடும்.

ஒரு நாள் மாலை போய் நில். எதுவும் பேச வேண்டாம், உபதேசம் வேண்டவே வேண்டாம். பெரியவர் ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் போதும், பிள்ளைகளுக்கு முதுகு நிமிரும். எப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு எழுது.

மாலையில் முழங்கால் வலிக்கும் என்பாய். தைலம் தடவிக்கொண்டு போ.

தங்கை

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே திடீரென்று வெயில் ஏறிவிட்டது. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். பல் மருத்துவர் என் பழைய மாணவன். "சார், வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இழுத்தான். நான் அவனுக்கு எத்தனை மதிப்பெண் போட்டேன் என்று அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

குடிநீர்க் குழாயைச் சரிசெய்தாயிற்று. இப்போது ஒரு சொட்டுகூட வீணாவதில்லை.

நீ சொன்னபடி மாலையில் போனேன். பிள்ளைகள் இருந்தார்கள். வெட்டுக்கிளி என்கிறாயே, ஒல்லியாக, உயரமாக, அவளும் இருந்தாள். நீ சொன்னது போலவே எதுவும் பேசாமல் நின்றுவிட்டு வந்தேன். கவலைப்படாதே.

நீளம் தாண்டுவதற்கு மணல்தான் வேண்டுமா? மெத்தை மாதிரி ஏதாவது விரித்தால் போதாதா? சும்மா கேட்கிறேன். பூகோள வாத்தியாருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

உன் அண்ணி ரெண்டு நாளாக என்னோடு அதிகம் பேசுவதில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நீ அவசரப்பட்டு வர வேண்டாம். மகளுக்கு உடம்பு நன்றாகத் தேறட்டும்.

அண்ணன்

பிப்ரவரி 27

அண்ணனுக்கு,

நேற்று தலைமை ஆசிரியை போன் செய்தார். முதலில் உங்களைப் புகழ்ந்தார். "உங்க அண்ணன் நல்ல காரியம் பண்ணியிருக்கார் மிஸ். சும்மா கெடந்த எடம். மூணு மாசமா அந்த மணல்ல யாரும் காலே வெக்கல, நானே தெனமும் காலையில பாக்கறேன்னு சொன்னார். உங்ககிட்ட கேட்டாச்சு, உங்களுக்கும் சந்தோஷம்தான்னார்" என்றார். பிறகுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா பாருங்க, அந்தப் பொண்ணு போய் இப்படிப் பண்ணிக்கிட்டாளே" என்றார்.

மணல்குழியை மூடி, ஓடு பதித்து, தோளைச் சுழற்றுகிற சக்கரமும் காலை ஆட்டுகிற இயந்திரமும் நட்டிருக்கிறீர்கள். அள்ளிய மணலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொட்டியிருக்கிறீர்கள். குதிக்க வேறு இடமில்லாமல் பிள்ளைகள் அந்த மேட்டில் குதித்திருக்கிறார்கள். உள்ளே செங்கல் இருந்திருக்கிறது. வெட்டுக்கிளிக்குக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது.

மூன்று மாதமாக யாரும் கால் வைக்கவில்லை என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மணல் சமமாக இருந்தது. ஒரு தடம்கூட இல்லை. அப்படித்தானே?

அது நான் போட்ட விதி. கடைசியாகக் குதித்தவள் இரும்புப் பல் வைத்த அந்த நீளக் கட்டையை எடுத்து, குழியை மூலையிலிருந்து மூலைவரை இழுத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் பையை எடுக்க வேண்டும். பழைய பள்ளத்தில் கால் விழுந்தால் பிரளும், பழைய தடத்தோடு புதுத் தடம் கலந்தால் அளவு தப்பும். நான் அங்கே இல்லை. கேட்க ஆளில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் ஒரு நாள்கூட விடாமல் செய்திருக்கிறார்கள். ஒரு மாலை அவர்கள் சோம்பேறித்தனமாக அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் குழி பிழைத்திருக்கும்.

நீங்கள் பிப்ரவரியில் எழுதிய கடிதம் என் எதிரில் இருக்கிறது. "பிள்ளைகள் இருந்தார்கள். கவலைப்படாதே." எங்கே இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவுமில்லை. மெத்தை பற்றி நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு மகளிடம் சொல்லிச் சிரித்தேன். அதுதான் இப்போது நினைத்தால் தாங்கவில்லை.

போன் செய்ய வேண்டாம்.

மார்ச் 4

தங்கச்சிக்கு,

கடிதம் முழுக்க என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நம் அப்பா செத்த அன்று பந்தலில் வந்தவர்களுக்கு எதிரில்கூட நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

உனக்கு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முதல் முறை எழுதியதில் நடைச் சங்கத்தின் நன்மைகளாகவே இருந்தன. கிழித்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பாலைவனப் பாடம் நடத்தும்போது வகுப்பில் ஓர் உதாரணம் சொல்வேன். மணலில் தடம் இருந்தால் ஆள் உண்டு, ஒட்டகம் உண்டு, பக்கத்தில் எங்கோ தண்ணீர் உண்டு. தடம் இல்லையென்றால் அது யாருக்கும் வேண்டாத நிலம். எத்தனையோ வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கண்ணோடுதான் தினமும் காலையில் உன் குழியைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடந்தது. வகுப்பில் ஒரு பையன் தானாகவே வந்து கரும்பலகையைத் துடைத்து வைத்திருந்தால், "ஆகா, பொறுப்பான பிள்ளை" என்று சொல்லியிருப்பேன். துடைத்த பலகையைப் பார்த்து, இந்த வகுப்பில் பாடமே நடப்பதில்லை என்று ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டேன். இங்கே நினைத்தேன். நீ ஊரில் இல்லை, யார் வந்து குதிக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். மாலையில் ஒரு தடவை போயிருந்தால் தெரிந்திருக்கும்.

தலைமை ஆசிரியை என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "பி.டி. மிஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா சார்?" "அவளுக்குச் சந்தோஷம்தான் மேடம்" என்றேன். பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. நீ என் தங்கை. உன் சம்மதம் என் சட்டைப்பையில் இருப்பது போல எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

உன் ஜனவரிக் கடிதம் வந்தபோது ஓடு பதித்து முடிந்திருந்தது. படித்துக்காட்டச் சொன்னாள் உன் அண்ணி. பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை அவளே வாங்கிப் படித்தாள். "போய்ப் பாருங்க" என்றாள், அவ்வளவுதான்.

போனேன். தொட்டிக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் இந்தக் காதுக்கே கேட்டது. மண்ணில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, அதுவரை ஓடி வந்து, மேட்டில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணலில் உடைசல் கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொட்டச் சொன்னவனே நான்தான். வெட்டுக்கிளி என்னைப் பார்த்துவிட்டு ஓட்டத்தை நிறுத்தினாள். எங்கள் குழி எங்கே என்று கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். "எதுவும் பேச வேண்டாம்" என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இனி என்ன செய்வது என்று சொல்.

அண்ணன்

மார்ச் 12

அண்ணனுக்கு,

என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண் வீட்டுக்குப் போங்கள். கையில் எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கொடுத்துவிட்டால் உங்களுக்கு மனது லேசாகிவிடும். அது இப்போது வேண்டாம்.

என் பங்கும் இதில் இருக்கிறது. மைதானத்தைத் திறக்கச் சொல்லி நான் கேட்டபோது தலைமை ஆசிரியை சொன்னார். "வர்றவங்க நல்லவங்கதான் மிஸ். ஆனா வந்து பழகிட்டா, எடம் யாருதுன்னு மறந்துடும். அப்புறம் யாரு ஞாபகப்படுத்துவா?" நான் யோசிக்கவே இல்லை. "எங்க அண்ணன் இருக்கார் மேடம்" என்றேன். அதோடு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது கதவை மறுபடி பூட்டிவிடலாமா என்று என்னைக் கேட்கிறார். பூட்டச் சொன்னால் மிலிட்டரி மொட்டைமாடிக்குப் போவார். பூட்ட வேண்டாம் என்று சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

நான் வருவதற்குள் குழி பழையபடி இருக்க வேண்டும். இருந்தால் அவரிடம் பேசுகிறேன்.

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

வெறுங்கையோடு போனேன். தெரு முனையில் பழக்கடையைக் கடக்கும்போது கை தானாகப் பைக்குள் போனது. இழுத்துக்கொண்டேன்.

ஒரே அறை. ஜன்னலோரம் தையல் இயந்திரம், அதைச் சுற்றிப் பள்ளிச் சீருடைகள் மலை போல. அம்மா பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். வெட்டுக்கிளி மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, காஜா எடுத்த நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒற்றைக் காலில் எழுந்து நின்றுவிட்டாள். உட்காரும்மா என்று நான் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா சொன்னார், "இவ எங்கிட்ட உண்மையச் சொல்லல சார். படியில வழுக்கிட்டேன்னா. மிஸ் இல்லாதப்போ மேட்டுல குதிச்சது தெரிஞ்சா போட்டிக்கே சேக்க மாட்டாங்கன்னு பயம்."

நான் பேச ஆரம்பிப்பதற்குள் அந்தப் பெண் பேசிவிட்டாள். "சாரி சார். அங்க குதிச்சிருக்கக் கூடாதுதான். ஆனா நீங்க வந்து பாத்தீங்கல்ல. தலையாட்டிட்டுப் போனீங்க. அதான், சார் சரின்னுட்டாரு, இனிமே இதான் நம்ம எடம்னு நெனச்சுக்கிட்டோம். அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பயந்து பயந்துதான் குதிச்சோம்."

என் உதாரணங்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "நான் உங்க குழிய மூடினவன்மா" என்றேன். "தெரியும் சார்" என்றாள். திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். "நாங்க எதாவது தப்புப் பண்ணிட்டோமா சார்? அதுக்காகவா மூடினீங்க?" குழி மூடிய நாளிலிருந்து அந்த ஏழு பிள்ளைகளும் தாங்கள் செய்த தப்பு என்னவென்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கட்டையை எடுத்த இடத்தில் வைக்கவில்லையா, சத்தம் போட்டோமா, குழாயைத் திறந்து விட்டோமா என்று.

இல்லம்மா, நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தீர்கள், அதனால்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த காலை சங்கத்தைக் கூட்டினேன். நீ இருந்திருக்க வேண்டும். பழைய வங்கிக் கேஷியர், "சார், பொண்ணுங்க குதிக்க வேற எடமா இல்ல?" என்று கேட்டார். "நமக்கு நடக்க வேற எடமா இல்ல?" என்றேன். "நாம ஊர்க்காரங்க சார்." "அவங்க யாரு, வேத்துக் கிரகமா?" ஒருவர், பிள்ளைகள் விளையாட்டாகக் குதிக்கிறார்கள், நாம் உடம்புக்காக வருகிறோம் என்றார். இன்னொருவர், நீங்கள்தானே மூடச் சொன்னீர்கள் என்றார். ஆமாம் என்றேன்.

மிலிட்டரிதான் தயங்கித் தயங்கி, "அந்தச் சக்கரத்தைச் சுத்திச் சுத்திதான் சார் என் தோள் எறங்கிச்சு" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சக்கரம் எங்கும் போகவில்லை. எல்லாவற்றையும் மதில் ஓரமாக நட்டுவிட்டோம். முதலிலேயே அங்கே நட்டிருக்கலாம். அங்கே நிழல்கூட இருக்கிறது. குழி இருந்த இடம் அகலமாக இருக்கிறதே என்று பார்த்தோம், அவ்வளவுதான் எங்கள் யோசனை.

ஓடுகளைப் பெயர்த்தோம். மணலைச் சல்லடையில் சலித்துத்தான் மறுபடி கொட்டினோம். மிலிட்டரி சலித்தார், கேஷியரும் முணுமுணுத்துக்கொண்டே சலித்தார். செங்கல் துண்டுகள் ஒரு கூடை வந்தன. கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை. பலகையை மூத்த மாணவி வந்து அளந்து பதித்துக் கொடுத்தாள். இதெல்லாம் முடிந்தபோது மண்டலப் போட்டி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நம் பள்ளியிலிருந்து நீளம் தாண்ட ஒருவரும் போகவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. குழி தயாரான மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். மணல் மூலையிலிருந்து மூலைவரை சமமாக இருந்தது. நட்ட நடுவில் மட்டும் ஒரு தடம். இரண்டு குதிகால், பின்னால் கை ஊன்றிய பள்ளம். மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் ஒரே ஒரு தடம். அதற்கடுத்த நாளும். சுற்றிலும் அவ்வளவு நேர்த்தியாக இழுத்துவிட்டு, அதை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். காவலாளியிடம் கேட்டேன். வெட்டுக்கிளி வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறாளாம், "தெனமும் ஒரு தடத்தை விட்டுட்டு வாங்கடி. இல்லன்னா யாரும் இல்லன்னு நெனச்சு மறுபடியும் மூடிடுவாங்க" என்று.

தினமும் காலையில் அந்தத் தடத்தைத் தாண்டித்தான் நாங்கள் நடக்கிறோம். கேஷியர் அந்தப் பக்கம் வரும்போது நடையை வேகப்படுத்துகிறார். நான் பார்க்காமல் போகலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை.

அது வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு நீ ஒரு வரி எழுதேன். நீ சொன்னால் கேட்பார்கள்.

அண்ணன்

ஏப்ரல் 10

அண்ணா,

எழுத மாட்டேன்.

முன்பு ஒரு மாலை போய்ப் பேசாமல் திரும்பி வந்தாய். இன்னொரு மாலை போய்ப் பேசிவிட்டு வா.

குழி முழுக்கச் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் விதி. அது மாறாது. ஆனால் அவர்கள் ஏன் மீறுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறபோது, மீறாதே என்று இங்கிருந்து உத்தரவு போட எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூடியது நீ. மூட மாட்டோம் என்று சொல்ல வேண்டியதும் நீதான்.

சின்னதுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இப்போது குறைந்திருக்கிறது. அண்ணியிடம் சொல்.

தங்கை

ஏப்ரல் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

சின்னதுக்குக் காய்ச்சல் விட்டதா? உன் கடிதத்தில் "நீ" என்று பார்த்ததும் உன் அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "போய்ட்டு வந்துட்டு அப்புறம் சந்தோஷப்படுங்க" என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

போனேன். ஆறு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டுக்கிளி ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, குழி ஓரத்தில் உட்கார்ந்து, "ஓவர் ஸ்டெப்", "இல்ல, சரி" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் இந்த முறை தலையை ஆட்டவில்லை. கிட்டே போய்ச் சொன்னேன். "இந்தக் குழிய நாங்க இனி மூட மாட்டோம். நீங்க தடம் விட்டு வெக்க வேண்டியதில்ல."

கூட்டத்தில் இருந்த சின்னப் பெண் கேட்டாள், "அத எப்படி சார் நம்பறது?"

மூத்தவள் அவளைக் கிள்ளினாள். "உடனே நம்ப வேணாம்" என்றேன்.

மறுநாள் காலையிலும் தடம் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. நியாயம்தான். அதிலிருந்து தினமும் மாலையில் தைலம் தடவிக்கொண்டு போகிறேன். மதில் ஓரப் பெஞ்சில் உட்காருகிறேன். உபதேசம் செய்வதில்லை. ஒரு நாள் பலகைக்கு அந்தப் பக்கம் போன பந்தை எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு நாள் அவர்களே, "சார், அந்த டேப்போட முனையப் பிடிங்க" என்றார்கள். பிடித்தேன். வெட்டுக்கிளி வயதுப் பிரிவைப் பற்றிக் கேட்டாள். அடுத்த வருடம் பெரிய பெண்களோடு குதிக்க வேண்டும், ஜெயிப்பது கஷ்டம் என்பது அவளுக்கே தெரிந்திருக்கிறது. "கால் சரியாகட்டும் சார், பாக்கலாம்" என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை கதவைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. நீ வந்து பேசு. பேசும்போது என் பெயரை ஜாமீனாக வைக்காதே.

இன்று காலை நடந்தது இது. நானும் மிலிட்டரியும் முதல் ஆளாக உள்ளே போனோம். குழி முழுக்கச் சமமாக இருந்தது. நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. கட்டை இழுத்த கோடுகள் மட்டும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக.

மிலிட்டரி கை வீசுவதை நிறுத்திவிட்டார். "என்ன சார், நேத்து புள்ளைங்க வரலையா?"

"வந்தாங்க" என்றேன்.

"ஒண்ணுமே தெரியலையே?"

"அதான் வந்தாங்கன்னு சொல்றேன்."

அவர் குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழி ஓரத்து மண்ணில் கால் படாமல் தள்ளி, சுற்றிக்கொண்டு நடந்தார். நானும் அவர் பின்னால் போனேன்.

அண்ணன்